ஊர்வலம் அண்ணனுக்கு வழி சொன்னவர்கள்

வழிகாட்டும் இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் விளாங்குடியில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். "இடதுபுறம் திரும்பவும்" என்று செல்போனில் அந்தப் பெண்குரல் சொல்லும். இவர் நேரே போய் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கோவிச்சுக்காதம்மா, ஒரு டீயக் குடிச்சிட்டு வந்திர்றேன்" என்பார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் ஊர்வலம் அண்ணன். காரணம் அவருடைய வண்டி. வெளியூர் போனால் அடுத்தவர் வீட்டுத் தலையணையில் அவருக்குத் தூக்கம் வராது. ஆகையால் ஒரு பழைய வேனை வாங்கி அதையே பயணத்துக்கு வீடாக்கியிருந்தார். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, சாமி படம். கூரைமேல் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி; மொட்டைமாடிகளில் நிற்குமே, அதே தொட்டி.

"சின்னதா ஒண்ணு வச்சா ஆகாதாண்ணே?"

"குளிக்கணும்ல தம்பி."

தண்ணீர் தளும்பிவிடக் கூடாது என்று நடைவேகத்தில்தான் ஓட்டுவார். பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்தபடி வரிசையாக வரும். பெயர் வந்தது அப்படித்தான்.

இந்த வண்டிக்கு எந்த வழிகாட்டி பொருந்தும் என்பது அவருடைய பெரிய கவலை. முதலில் செல்போனை நம்பினார். அதற்குச் சுருக்கு வழிதான் தெரியும். தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோச்சடையில் ஒரு கல்யாண வீட்டுத் தெருவுக்குள் அவரையும் துணைக்குப் போன என்னையும் அனுப்பியது. தெருமுனையில் மணமக்கள் படம் போட்ட பிளக்ஸ் வளைவு. தொட்டி அதில் மாட்டி, மணமகன் இருந்த பாதி மட்டும் கிழிந்து எங்களோடு வந்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. பின்னால் பைக்கில் இளவட்டங்கள் கத்திக்கொண்டே துரத்தி வந்தார்கள்.

"அண்ணே! மாப்ளைய எறக்கி விட்டுட்டுப் போங்கண்ணே!"

அண்ணன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "யாரோ லிப்ட் கேக்குறாய்ங்க தம்பி, எடமில்லன்னு சொல்லு" என்றார்.

அதன்பிறகு லாரிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் கருவி ஒன்றை வரவழைத்தார். அதில் வண்டியின் உயரம், அகலம், எடை எல்லாம் பதிய வேண்டும். தாழ்ந்த பாலங்களைத் தவிர்த்து வழி சொல்லும். தொட்டியின் உச்சிவரை நான் டேப் பிடித்து அளந்து கொடுத்தேன். அண்ணன் அதற்குமேல் கொஞ்சம் கூட்டிப் பதிந்தார்.

"எதுக்குண்ணே கூட்டுறீங்க?"

"தொட்டி மேல காக்கா வந்து உக்காந்தா? அதுக்கும் எடம் வேணும்ல?"

காக்கையோடு சேர்த்துப் பார்த்தால் மதுரையில் எந்தப் பாலத்துக்கு அடியிலும் போக முடியாது போலிருக்கிறது. பக்கத்தில் இருக்கிற நாகமலை புதுக்கோட்டைக்கு அது எங்களைத் திண்டுக்கல் பக்கமாக அனுப்பப் பார்த்தது. மெதுவாகப் பேசித்தான் காக்கையைக் கழிக்க வைத்தேன்.

செல்போனையும் அவர் விடவில்லை. "பழகுன பிள்ள, திடீர்னு எப்படி நிறுத்துறது?" இரண்டையும் கண்ணாடிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஒரு ரவுண்டானாவில் செல்போன் இடது என்றது, லாரிக் கருவி நேரே என்றது. யார் மனமும் நோகக் கூடாது என்று அண்ணன் ரவுண்டானாவையே சுற்றினார். சுற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கத்தா" என்று கெஞ்சினார். போக்குவரத்துக் காவலர் விசில் ஊதித்தான் நாங்கள் வெளியே வந்தோம்.

இப்படி இருக்கையில் அவர் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. ஒரே தங்கை. உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகி எத்தனையோ கோயில் ஏறி இறங்கிப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அண்ணன் நேரத்துக்குப் போகாவிட்டால் வேறு மடி பார்த்துவிடுவார்கள். அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் விடியும்போதே பட்டுவேட்டி கட்டி, மடியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று தகவல் வேறு வந்தது.

"அவன் மடியிலயா? செத்தாலும் விடமாட்டேன்" என்ற அண்ணன், சீர்த்தட்டுகளைக் கட்டிலில் அடுக்கினார். "இன்னைக்கு எது நம்மளக் கொண்டு சேக்குதோ, அதுதான் இனிமே நம்ம வண்டிக்கு."

லாரிக் கருவியில் ஊர்ப்பெயரைப் போட்டோம். குலதெய்வக் கோயில் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் இருந்ததால், தங்கை தான் இருக்கும் இடத்தை லைவ் லொகேஷனாகச் செல்போனுக்கு அனுப்பியிருந்தாள். ஊர் நெருங்கியதும் கருவி நேரே போகச் சொன்னது. செல்போன் வலது என்றது. அண்ணன் யோசிக்கவே இல்லை. "இதுல தங்கச்சி இருக்கா" என்று வலதுபக்கம் ஒடித்தார்.

அங்கேதான் வினை. அவள் நகர்ந்தால் செல்போனில் அவள் புள்ளியும் நகரும். சீர் கொண்டுவரும் தாய்மாமனை ஊர் எல்லைக்கு வந்து மேளதாளத்தோடு எதிர்கொண்டு அழைப்பது அவர்கள் வழக்கம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் மேளக்காரர்களைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்களை அழைக்கக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் அவள் இருந்த கரைக்குப் போனால், அவள் நாங்கள் வருகிற கரைக்குப் போயிருந்தாள். யாரோ ஒருவர், "தொட்டி வண்டியா? மேலக்கரையில போகுது" என்று சொல்ல, அவள் மேலக்கரைக்கு வந்தாள். நாங்கள் அவள் புள்ளியைத் துரத்திக் கீழக்கரைக்குப் போய்விட்டோம். கண்மாயை இரண்டு வண்டிகளும் சுற்றின. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தங்கை விடாமல் போன் அடித்தாள். அண்ணன் ஒவ்வொரு முறையும் துண்டித்தார்.

"எடுங்கண்ணே!"

"எடுத்தா மேப்பு மறஞ்சிரும்டா!"

கடைசியில் நானே எட்டி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன். மேளத்துக்கு மேல் அவள் குரல் கேட்டது. "அண்ணே! எங்கிட்டுண்ணே சுத்துற? நேரம் போகுதுண்ணே, கோயில்ல அந்த அண்ணன உக்காரச் சொல்றாக!"

"ஒன்னத்தான் தாயி சுத்துறேன்! நீ கொஞ்சம் நில்லு!"

"நீ நில்லு! நான் வந்துதான ஒன்னய அழைக்கணும்? எங்கண்ணன் தானா வந்து எறங்குனான்னு ஊரு பேசவா?"

அண்ணன் பிரேக்கை மிதித்தார். தொட்டி தளும்பி முன்கண்ணாடியிலும் ஜன்னல் வழியாக அவர் மேலும் தண்ணீர் வழிந்தது. அக்கரையிலிருந்து ஒரு கூச்சல்: "கருவ மரத்துக்கு மேல தொட்டி தெரியுதுண்ணே! நகராத! அங்கனயே இரு! வாரேன்!"

மேளம் எங்களை நெருங்கியது. தங்கை குட்டியானையிலிருந்து குதித்து, ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து, சுற்றுவதற்கு முன்னால் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "போன எடுக்க மாட்டியா நீ?" பிறகுதான் சுற்றினாள்.

நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். பட்டுவேட்டிக்காரரின் மடியில் உட்காராமல் பிள்ளை முதுகை வளைத்து வீறிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் ஈரச் சட்டையோடு போய் அமர்ந்து வாங்கிக்கொண்டார். தங்கை ஒட்டி உட்கார்ந்து பிள்ளையின் தலையைப் பிடித்தாள். ஊசி இறங்கியது. பிள்ளையைவிட அண்ணன்தான் அதிகம் அழுதார். அப்போது அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பெண்குரல் நிதானமாகச் சொன்னது: "நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்."

"ஆமாம்மா, வந்துட்டேன்" என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திரும்பும்போது தீர்ப்புச் சொன்னார். வண்டிக்கு லாரிக் கருவிதான். அதற்கு நம் உயரம் தெரியும். செல்போன் பேச்சுத்துணைக்கு. "எந்த மெசினு வாங்குனாலும் தம்பி, போற எடம் ஒரு எடத்துல நிக்கணும்."

பிறகு எங்கள் தெருமுனையில் சிமெண்டு வளைவு கட்டினோம். எம்புட்டு உயரம் என்று கொத்தனார் கேட்டபோது, ஒருவரும் டேப் தேடவில்லை. அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, தொட்டிக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கட்டினோம். அண்ணன் இப்போது தன் தங்கை ஊருக்கே குடிபோய்விட்டார். ஆனாலும் விசேஷத்துக்கு அந்த வளைவில் தோரணம் கட்டுகிறவர்களிடம், கொஞ்சம் தூக்கியே கட்டச் சொல்கிறோம். தோரணம் அந்த ஒரு சாணுக்குள் அடங்கினாலே தொட்டி தட்டாதுதான். ஒரு காக்காய்க்கும் சேர்த்து இடம் விடச் சொல்கிறேன் நான்.