கோமதிக்குக் கால் ஒடிந்த கதை

தில்லியின் அத்தனை பூட்டுகளையும் ஒரு தட்டில் வைத்து, சாவி சாரின் சந்தேகத்தை மறு தட்டில் வைத்தால், சந்தேகம்தான் கீழே இறங்கும். துவாரகாவில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் டிஜிட்டல் கையெழுத்து அவர் இலாகா. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென்று ஒரு லைப்ரரி வைத்திருந்தார்; புத்தகம் அல்ல, நிரல் தொகுப்பு. ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டால், பொதுச் சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். ஒரு புள்ளி மாறினாலும் 'செல்லாது' என்று சொல்லிவிடும். அவரும் அப்படித்தான்.

"சார், சாய் குடிக்க வர்றீங்களா?" என்று மெசேஜ் போட்டால், "கையெழுத்து எங்கடே? நீதான் அனுப்புனேன்னு எப்படி நம்ப?" என்று திருநெல்வேலித் தமிழில் பதில் வரும். இத்தனைக்கும் நான் எதிர் நாற்காலி. வெண்டைக்காய் வாங்கி வரச் சொல்லி மனைவி அனுப்பும் மெசேஜையும் சரிபார்ப்பாராம். அந்த வீட்டில் பெரும்பாலும் ரசம்தான் என்று கேள்வி.

ஒரு ஜூன் மதியம் கோமதி என்ற பெண் போன் செய்தாள். நாங்கள் தயாரித்த பள்ளிச் சான்றிதழைக் கல்லூரி எங்கள் தளத்தில் சரிபார்த்தால் 'செல்லாது' என்று வருகிறதாம். ஐந்து மணியோடு அட்மிஷன் முடிகிறது.

"பையா, ஜல்தி ஏதாவது பண்ணுங்க. சீட் போயிடும்!" என்று தில்லி வழக்கப்படி என்னை அண்ணனாக்கி அழுதாள்.

கையெழுத்துப் போட்ட பிறகு, எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று அவள் பெயரை வேறு கீபோர்டில் திரும்பத் தட்டிய புண்ணியவான் நான்தான். போதாக்குறைக்கு, புரொபேஷனில் வேறு இருந்தேன். பள்ளி அனுப்பிய பெயரையும் நான் தட்டியதையும் சாவி சாரிடம் காட்டினேன்.

"ரெண்டும் கோமதிதானே சார்?"

"கண்ணுக்குக் கோமதி. கம்ப்யூட்டருக்கு இல்லடே. பள்ளிக்கூடத்துல 'கோ'வை முழுசா அடிச்சிருக்கான். நீ 'கே' அடிச்சு, துணைக்காலைத் தனியா ஒட்டவச்சிருக்கே. பிள்ளை காலை ஒடிச்சுட்டியேடே!"

சரிபார்க்கும் முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர லைப்ரரியில் ஒரு வரி சேர்த்தார். நாலே முக்காலுக்கு 'செல்லும்' என்று பச்சையில் வந்தது. சீட் கிடைத்த கோமதி போனில் மறுபடி அழுதாள்.

அப்புறம் பாஸ் வந்தார். "கிஸ்கீ கல்தீ?" யார் செய்த தப்பு என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நான் எழப்போனேன். சாவி சார் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"மேரீ கல்தீ, சார்" என்றார். என் தப்புதான் என்கிறார், அந்த மனுஷன்!

எந்தச் சாவியாலும் கையெழுத்துப் போட முடியாத முழுப் பொய். அவர் பேசியதில் நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான்.