எங்கள் வீட்டில் 'அ' இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. 'இங்கு அனைவரும் நலம்' என்று தொடங்கினேன். 'அனைவரும்' என்று சொல்லுமளவுக்கு இங்கே ஆள் இல்லை என்பதால் அடித்துவிட்டேன். இருபது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், முதல் வரியிலேயே அடித்தல் திருத்தலோடு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வாலுவைச் சேர்த்திருக்கும் மழலையர் பள்ளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாலரை வயதாகியும் உன் மருமகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுகிறோம். கூப்பிடுகிறேன். அங்கே சிலேட்டு இல்லை, பரீட்சை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. பாட்டு, களிமண், ஈர மணல், நடுவில் ஒரு குட்டித் தூக்கம். 'குழந்தையை முழுமையாகப் பார்க்கிறோம்' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். அதில் 'முழுமையான வளர்ச்சி' என்பதில் 'ர்' விழுந்து 'வளச்சி' ஆகியிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். கை அரிக்கிறதே! பதினோரு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வாலுவிடமே கொடுத்தனுப்பினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே பள்ளி வாசலில் ஆயாம்மா வாய்க்குள் சிரிக்கிறாள்.

அதுவாவது போகட்டும். நான் செய்த பெரிய வேலையைக் கேள். அவள் அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. வாலுவிடம் முதலில் 'ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்' என்றேன், பிறகு 'டாக்டர் விடவில்லை' என்றேன், பிறகு 'மழை விடட்டும், வந்துவிடுவாள்' என்றேன், பாழாய்ப்போன மழையும் விட்டுத் தொலைத்தது. இதற்கிடையில் எழுத்துப் புத்தகம் வாங்கி வந்து பிரித்தால், முதல் பக்கத்திலேயே அ, அம்மா. படத்தில் ஒருத்தி பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும் சொல்லு! பசையை எடுத்து அந்தப் பக்கத்தை அட்டையோடு ஒட்டினேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் படத்தில் முதல் கட்டத்தின் மேல் மாதக் காலண்டரை மாட்டினேன். மரக்கட்டை எழுத்துகளில் ஒன்றை எடுத்து அலமாரி மேல் எறிந்தேன். எத்தனையோ பேருடைய எழுத்துப்பிழைகளை நீக்கியிருக்கிறேன், ஒரு எழுத்தையே மொழியிலிருந்து நீக்கியது இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் பாடம் 'ஆ'வில் தொடங்கியது, நானும் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை டீச்சர் கூப்பிட்டனுப்பினார். அங்கே பெரியவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. ஒரு சாண் உயர நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன், மாட்டிக்கொண்டேன். டீச்சர் ஒரு படத்தைக் காட்டினார். வீட்டு மனிதர்களை வரைந்து, பெயருக்கு முதல் எழுத்தை ஈர மணலிலும் தாளிலும் எழுதச் சொன்னார்களாம். வாலு மூன்று பேரை வரைந்திருக்கிறாள். அம்மா, நான், குடையோடு நீ. மூன்று பேருக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எங்க வீட்ல அ கெடையாது மிஸ்" என்றிருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. அம்மாவுக்கும் 'அ', அப்பாவுக்கும் 'அ', அவளுக்கு அத்தையான உனக்கும் 'அ'. ஒருத்தியை மறைக்கப்போய் மூன்று பேரையும் அழித்திருக்கிறேன். நானெல்லாம் என்ன பிழை திருத்துகிறவன்!

டீச்சர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "எழுத்து தனியா வராது சார். சாப்பாடு, தூக்கம், சிரிப்பு, அழுகை எல்லாத்தோடயும் சேர்ந்துதான் வரும். பாப்பா நல்லா சாப்பிடுறா, பாட்டெல்லாம் பாடுறா. ஆனா கீழ விழுந்து முட்டி கிழிஞ்சப்போகூட அழல. அதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க வீட்ல அவகிட்ட பேசுங்க" என்றார். பேசுகிறேன் என்று எழுந்தேன், நாற்காலியும் என்னோடு எழுந்தது. பிள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சிரித்தன. வாலு மட்டும் ஓடி வந்து, நாற்காலியைப் பிடித்து இழுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து நாளாக முயற்சி செய்கிறேன், வாய் வரவில்லை. "பொம்பளப் பிள்ளைய ஒத்தை ஆளா எப்படிடா வளப்ப, என்கிட்ட விடு" என்று நீ சொன்னபோது உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ சொன்னதுதான் சரி. என்னால் முடியவில்லை அக்கா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ. விஷயத்தையும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. துணிமணிகளைப் பையில் வைத்துவிட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, ஆசி சொல்ல எனக்கு யோக்கியதை இருந்தால்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. உறையை ஒட்டப்போன நேரம் வாலு வந்து, "என் சட்டையெல்லாம் ஏன் பையில இருக்கு?" என்றாள். அத்தை வீட்டுக்கு என்றேன். "நீயும் வர்றியா?" இல்லை என்றேன். "அப்ப நீ தனியா என்ன பண்ணுவ?" என்றாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "கண்ணு, அம்மா இனிமே வர மாட்டா. அம்மா செத்துப் போயிட்டா" என்று போட்டு உடைத்துவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "எனக்குத் தெரியும்பா. நீதான் வருவா, வருவான்னு சொல்லிட்டே இருந்த. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். சொன்னா நீ அழுவியேன்னுதான் சொல்லல" என்றாள். அழுதேன் அக்கா. அவளும் அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுமளவுக்கு. நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பையிலிருந்த சட்டைகளையெல்லாம் அவளே எடுத்து அலமாரிக்குள் திணித்துக்கொண்டிருக்கிறாள், ஒன்றைக்கூட மடிக்காமல்.