மூன்று வருடத்தில் நான்கு நிமிடம் ஆடியவள் எழுதும் உண்மை

அன்பும் பயமும் நான் சம அளவில் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா இருவரும் நலம். நானும் நலம், வலது கை மோதிர விரல் மட்டும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. சித்தியின் முதுகுவலியும் உங்கள் ரத்த அழுத்தமும் இந்தக் கடிதம் வந்து சேரும்போது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அடங்கவில்லை என்றால், அடங்கிய பிறகு மேற்கொண்டு படியுங்கள்.

உங்கள் அலுவலக மாத இதழில் "விளையாட்டிலும் படிப்பிலும் வென்ற வீராங்கனை" என்று என்னைப் பற்றி ஒரு பக்கம் போடப்போவதாகவும், என் சாதனைகளை நானே எழுதி அனுப்ப வேண்டும் என்றும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். உங்கள் மேலாளரிடம் வேறு, "எங்க அண்ணன் பொண்ணு காலேஜ் வாலிபால் டீமுக்கே தூண் சார்" என்று சொல்லிவிட்டீர்களாம். ஒரு விதத்தில் அது சரிதான். தூண் உயரமாக இருக்கும், இருந்த இடத்தை விட்டு அசையாது. ஆனால் அச்சில் வருவதற்கு முன்னால் நடந்தது என்ன என்று இதழாசிரியரான உங்களுக்காவது தெரிய வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த அன்று அலுவலக ஜன்னலில் விண்ணப்பம் கொடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற எல்லாருடைய தலைக்கும் மேலாக என் முகம் தெரிந்ததில் பி.டி. சார் என்னைப் பார்த்துவிட்டார். "உயரம் என்னம்மா?" என்றார். "அஞ்சடி பதினொண்ணு சார்" என்றேன். "வாலிபால் ஆடுவியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் பெயரை எழுதிக்கொண்டார். நான் அதுவரை வாலிபாலைக் கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருந்தேன். முதல் நாள் பயிற்சியில் பந்து என் மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்தது. இரண்டாம் நாள் கண்ணாடி இல்லாமல் போனேன், பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மூக்கிலேயே வாங்கினேன். ஒரே வாரத்தில் என் திறமை எதில் இருக்கிறது என்று அணிக்குப் புரிந்துவிட்டது. வலை கட்டுவதில். நாற்காலி போடாமல் கம்பத்தின் கொக்கியில் கயிறு மாட்டக்கூடியவள் கல்லூரியிலேயே நான் ஒருத்திதான். எனக்கு "ஏணி" என்று பெயர் வந்தது. நம் வீட்டுக்குப் போன் செய்பவர்கள் "ஏணி இருக்காளா?" என்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்கிறார் என்று நினைத்து அம்மா இரண்டு முறை பரணில் தேடியிருக்கிறாள்.

அப்புறம் மூன்று வருடம் பெஞ்ச். மரப்பலகை, நடுவில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் படித்தது புள்ளியியல் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு தாளில் இரண்டு முறை தவறினேன் என்பது தெரியாது, அப்பாவுக்கும் ஒரு முறை என்றுதான் தெரியும். புள்ளியியல் மேடம் ஒருநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி, "விளையாடப் போனேன்னு வருகைப் பதிவு கேட்கிறே. உங்க பி.டி. சாரைக் கேட்டா, நீ படிக்கிற பொண்ணு, அதனால ஆட விடலைங்கறார். அப்ப நீ எங்கதான் இருக்கே?" என்றார். "பெஞ்சுல மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சாயங்காலம் கழிவறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுததை இதழில் போட வேண்டாம்.

பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் பி.டி. சார் விசில் ஊதுவார். அதனால் கையில் ஒரு நீள நோட்டு வைத்துக்கொண்டு, எதிரணியில் யார் எப்படி சர்வ் போடுகிறார்கள், பந்து எங்கே விழுகிறது என்று கோடு கிழித்து எழுதிக்கொண்டே இருப்பேன். படிப்பதுபோலத் தெரியட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். போகப் போக ருசி பிடித்துவிட்டது. எங்களை எப்போதும் தோற்கடிக்கும் கல்லூரியில் ஒன்பதாம் எண் பெண் ஒருத்தி. அவள் பந்தைத் தரையில் நான்கு தரம் தட்டினால் சர்வ் பின்னால் தூரமாக விழும், இரண்டு தரம் தட்டினால் வலையை ஒட்டி முன்னால் விழும். நூற்றுப் பதினாலு சர்வ் எழுதிப் பார்த்துவிட்டேன். கேப்டனிடம் போய்ச் சொன்னேன். "ஏணி, நோட்டை மூடிட்டுக் கை தட்டு" என்றாள்.

நாலு மாதம் முன்னால் இறுதிப் போட்டி. அதே கல்லூரிதான். ஐந்தாவது செட், நாங்கள் பன்னிரண்டு, அவர்கள் பதிமூன்று. அப்போது பார்த்து எங்கள் முன்வரிசைப் பெண் எகிறி அடித்துக் கால் பிசகி விழுந்தாள். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி தேர்வு எழுதப் போய்விட்டாள். பெஞ்சில் மிச்சம் இருந்தது நானும் தண்ணீர் கேனும்தான். பி.டி. சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "போம்மா. எதையும் தொடாம நில்லு, போதும்" என்றார்.

சித்தப்பா, உள்ளே போய் நானே கட்டிய வலையின் முன்னால் நின்றேன். எதிரே சர்வ் போட வந்தது அந்த ஒன்பதாம் எண். பந்தைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் அந்தப் பந்து எங்கே விழும் என்று அந்த மைதானத்தில் அவளைத் தவிர எனக்குத்தான் தெரியும். ஓடினேன். கையை நீட்டினேன், விரலில் ஏதோ நொறுங்கின மாதிரி இருந்தது, பந்து எகிறி வலைக்கு அந்தப்புறம் யாருமே இல்லாத மூலையில் போய் விழுந்தது. பாயிண்ட். பதிமூன்றுக்குப் பதிமூன்று. கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

ஆட்டம் அங்கேயே முடிந்திருந்தால் உங்கள் இதழுக்கு நானே இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் அந்தப் பாயிண்டால் விதிப்படி எல்லாரும் ஒரு இடம் சுற்றி நகர, அடுத்த சர்வ் என் கைக்கு வந்தது. வீங்கிய விரலோடு ஓங்கி அடித்தேன். பந்து நேராகப் போய், முன்னால் நின்ற கேப்டனின் பின்மண்டையில் இறங்கியது. சற்று முன் கட்டிக்கொண்டவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. அடுத்த பந்தில் தோற்றோம். நான் ஆடியது மொத்தம் நான்கு நிமிடம், அதில் இரண்டு நிமிடம் கால் பிசகியவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கோப்பை கொடுக்கும்போது நான் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது. புள்ளியியல் மேடம். எங்களுக்குக் கை தட்ட வந்திருக்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒன்பதாம் எண் அவருடைய மகள்.

"அவ சர்வை வலை ஓரமா போடுவாள்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"ரெண்டு தட்டு மேடம்" என்று சொல்லி நோட்டை நீட்டினேன். மைதானத்து ஓரமாகவே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதைத்தான்டி ரெண்டு வருஷமா நான் கரும்பலகையில எழுதறேன். அங்க மட்டும் ஏன் உனக்குப் புரியல?"

"அங்க யாரும் பந்து தட்டலையே மேடம்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் மதியம் ஒரு மணி நேரம் என் நோட்டை வைத்தே எனக்குப் பாடம் நடத்தினார். பாடத்தில் வந்த சூத்திரமெல்லாம் எனக்கு முன்பே பழக்கமான முகங்கள் மாதிரி இருந்தன, பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. மூன்றாம் முறை எழுதினேன். நாற்பத்தாறு மதிப்பெண். தேர்ச்சிக்கு நாற்பது. அந்த ஆறு என்னுடைய சொந்த சம்பாத்தியம். நோட்டை மேடம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதற்கப்புறம் நடந்த போட்டியில் ஒன்பதாம் எண் பந்தைத் தட்டுவதையே விட்டுவிட்டாளாம். கேப்டன் மறுபடி என்னோடு பேசுவதில்லை.

ஆகவே சித்தப்பா, வீராங்கனை என்றெல்லாம் எதையும் போட வேண்டாம். உங்கள் மேலாளரிடம், பொண்ணுக்குக் கூச்சம் என்று சொல்லிவிடுங்கள். என்னால் உங்கள் பெயர் கெடக் கூடாது. சித்திக்கு என் வணக்கம், தம்பிக்கு என் அன்பு. உங்கள் ஆசி எப்போதும் போல என் தலைமேல் இருக்கட்டும்; எட்டுவது கொஞ்சம் சிரமம்தான், குனிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள் முறையாகும் ஏணி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் இதழ் தபாலில் வந்துவிட்டது. நான் எழுதி அனுப்பும்வரை பொறுக்காமல் நீங்களே எழுதிப் போட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது. கல்லூரியில் முதல் மாணவி, வெற்றி தந்த கடைசி சர்வ், ஆனந்தக் கண்ணீரில் கேப்டன் எல்லாம் வந்திருக்கிறது. அம்மா மாடி வீடு வரைக்கும் படித்துக் காட்டியாயிற்று. பி.டி. சார் தன் பெயர் இருப்பதால் இரண்டு பிரதி கேட்கிறார். நான் நான்கு முறை படித்தேன். நாலாவது முறை படிக்கும்போது அந்த சர்வ் எனக்கே ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பிரதி அனுப்பவும்.