கிராஸிங் அண்ணனின் ஒற்றை லைன்

உலகத்தில் நடக்கிற அத்தனை சண்டைகளையும் ஒரு லூப் லைன் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், கர்நாடக எல்லையோர ஜூஜுவாடியில் எங்களோடு ஒரே மாடியில் குடியிருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கூரியர்காரர்கூட கீழே நின்று "கிராஸிங் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

எதிரே வருகிற ரயிலுக்கு வழிவிட நம் ரயிலை ஸ்டேஷனில் ஓரங்கட்டி நிறுத்தினால், 'கிராஸிங் போட்டுட்டான்' என்று அலுத்துக்கொள்வோமே, அந்தக் கிராஸிங்தான். அண்ணனுக்கு ராயக்கோட்டைப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய ஊர். ஒற்றை லைன். சின்ன வயதில் மற்றவர்கள் ரயில் ஓடுவதைப் பார்த்து வாய் பிளந்தார்கள் என்றால், இவர் அது நிற்பதைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறார்.

கியர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு மெயின்டெனன்ஸ் வேலை. நாள் முழுக்க ஃபேக்டரியில் கிரீஸும் எண்ணெயுமாகக் கிடந்துவிட்டு ரூமுக்கு வந்து, குளித்து, விபூதி வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து இன்னொரு ஃபேக்டரி கட்ட உட்கார்ந்துவிடுவார். அது ஒரு கம்ப்யூட்டர் கேம். வெறும் பொட்டல் காட்டில் இரும்பைத் தோண்டி, ரயிலில் ஏற்றி, உருக்கி, தகடாக்கி, அதைக்கொண்டு மேலும் மெஷின் செய்து, அந்த மெஷினுக்குப் போட மேலும் இரும்பைத் தோண்ட வேண்டும். நிஜ ஃபேக்டரிக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அதில் சூப்பர்வைசர் கிடையாது.

அந்த கேமில் எத்தனை தண்டவாளம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். விளையாடுகிற அத்தனை பேரும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு லைன் போடுவார்கள். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் போடுவார். இரும்பு, நிலக்கரி, செம்பு எல்லாம் அந்த ஒற்றை லைனிலேயே எதிரும் புதிருமாக வரும். அங்கங்கே பக்கத்தில் ஒரு சின்ன லூப், முன்னும் பின்னும் சிக்னல். ஒரு ரயில் லூப்பில் ஒதுங்கி நிற்க, இன்னொன்று தாண்டிப் போகும். அதைப் பார்க்கும்போது அண்ணன் முகத்தில் ஒரு சாந்தம் வரும் பாருங்கள், கோயிலில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

ரூமில் இருந்த திருநெல்வேலிக்காரன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், இன்னொரு லைன் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டே விட்டான். அண்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரெண்டு லைன் போட்டா ரயில் பாட்டுக்கு ஓடும்பா. அப்புறம் அங்க நமக்கு இன்னா வேல?"

ஒவ்வொரு ரயிலுக்கும் எங்கள் மாடியில் இருந்த ஒருவரின் பெயரை வைத்திருந்தார். என் பெயர் கொண்ட ரயில் எப்போது பார்த்தாலும் லூப்பில் நின்றுகொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால், நான்தான் காத்திருந்தாலும் முணுமுணுக்காத ஆளாம். எனக்கு அப்போது மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. அந்த நேரத்தில் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

கேமோடு விட்டாரா என்றால் இல்லை. எங்கள் மாடிக்கு ஒரே பாத்ரூம். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் அங்கே தினமும் ஒரு குருக்ஷேத்திரம் நடக்கும். அண்ணன் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று என இரண்டு சோப்பு டப்பாக்களைக் கதவில் கட்டித் தொங்கவிட்டார். அதோடு ஒரு சட்டமும் போட்டார். பக்கெட்டில் வெந்நீர் தயாராகாமல் எவனும் உள்ளே போகக் கூடாது. உள்ளே போய் நின்றுகொண்டு வெந்நீருக்குக் காத்திருப்பவன்தான் மொத்த லைனையும் அடைக்கிறான் என்பது அவர் கட்சி. வெளியே வர வழி இருந்தால்தான் உள்ளே நுழைய வேண்டும். முதலில் சிரித்தோம். ஒரு வாரத்தில் எல்லோரும் குளித்துவிட்டு பஸ்ஸுக்காக ரோட்டில் போய் நிற்க ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அண்ணனும் ஒரு முறை சறுக்கினார். திருநெல்வேலிக்காரன் கெஞ்சினான் என்று அவன் பெயர் கொண்ட ரயிலுக்கு ஒரு பெட்டி கூட்டிவிட்டார். அது லூப்பில் ஒதுங்கியபோது வால் மட்டும் மெயின் லைனில் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எதிரே வந்த ரயிலால் தாண்ட முடியவில்லை. அதன் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று மொத்த ஃபேக்டரியும் படுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணன் சாப்பிடாமல் அதைச் சரிசெய்தார். பெட்டியைக் கழற்றிவிட்டு, கடைசியில் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இனிமே எவன் வந்து கேட்டாலும் சரி, எந்த வண்டிக்கும் ஒரு பெட்டி கூட்ட மாட்டேன். ஒரு பெட்டி கூட்டுனா அத்தன லூப்பையும் பேத்துப் போடணும்."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு நான்காவது வரன் வந்தது. கல்லாவியில் விவசாயக் குடும்பம், பெண் பெயர் மலர். நானும் பெற்றோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போனில் ஒரே ஒரு முறை பேசினேன். அவ்வளவுதான், இந்த வரனும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயம் பிடித்துக்கொண்டது. பெண்ணின் தாய்மாமன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பையன் தங்கியிருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ரூமை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழுவியும் அது ரூமாகவேதான் இருந்தது.

அண்ணன் கவலைப்பட்டது ரூமைப் பற்றி அல்ல, மாடிப்படியைப் பற்றி. ஒரு ஆள்தான் ஏறலாம், எதிரே ஒருவர் வந்தால் படி திரும்புகிற இடத்தில் ஒதுங்கத்தான் வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். ஐந்து பேர் என்றேன். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தத் திருப்பத்தை அளந்துவிட்டு வந்தார். ஐந்து பேர் தாராளமாக நிற்கலாம் என்றார். அதே ஞாயிற்றுக்கிழமை எதிர் ரூம்காரர் காலி செய்வதால் அவருடைய பீரோ இறங்க வேண்டியிருந்தது. பத்துக்கு பீரோ, பதினொன்றுக்கு மாமன் வீட்டார் என்று அண்ணன் டைம் போட்டுக் கொடுத்தார்.

கல்லாவிக்காரர்கள் ரயில்வே டைம் பார்க்கவில்லை, பஞ்சாங்கம் பார்த்தார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம் வந்துவிடும் என்று சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, பத்துக்கே வேனில் வந்து இறங்கினார்கள். ஐந்து பேர் வருவதாகச் சொன்ன வீட்டிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் சித்தி, சித்தப்பாவை விட்டுவிட்டா வருவார்கள்?

மேலேயிருந்து நிலைக்கண்ணாடி வைத்த பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து மாமன் முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் அவர்களில் பாதிப் பேருக்குத்தான் இடம் இருந்தது, மீதிப் பேர் படியிலேயே நின்றார்கள். தூக்குகிறவர்களால் பீரோவைத் திரும்ப மேலே ஏற்ற முடியவில்லை. மாமன் மூக்குக்கு நேரே கண்ணாடி வந்து நின்றது. அதில் தன் கோபத்தைத் தானே பார்த்துப் பார்த்து அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நாங்க பையனப் பாக்க வந்தமா, பீரோவப் பாக்க வந்தமா? திரும்புங்கப்பா, போலாம்."

திரும்பவும் முடியவில்லை. பின்னால் சித்தப்பா நின்றார். நான் மேலே நின்றுகொண்டு, நான்காவது வரனும் என் கண் முன்னாலேயே மாடிப்படியில் மாட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அண்ணன் எப்படி எங்களைத் தாண்டிக் கீழே போனார் என்று எனக்கு இன்றும் தெரியாது. கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பக்கமாக இறங்கியதாகச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கீழே, அந்தப் படி தொடங்குகிற முதல் மாடியில் ஓனரம்மா குடியிருந்தார். குடிவந்த நாள் முதல் எங்களுக்கு வாடகை வாங்கும் அகலத்துக்கு மேல் அந்தக் கதவு திறந்ததில்லை. அண்ணன் அந்தக் கதவைத் தட்டி, அவருக்குத் தெரிந்த கன்னடத்தில் ஏதோ சொன்னார். கதவு முழுசாகத் திறந்தது.

"வால்ல இருந்து வாங்கம்மா. கடைசில நிக்கறவங்க மொதல்ல உள்ள வாங்க" என்று அண்ணன் கூப்பிட, "பன்னி, பன்னி" என்று ஓனரம்மாவும் கன்னடத்தில் வரச்சொல்லிக் கை காட்டினார். சித்தி போனார், சித்தப்பா போனார், ஒவ்வொருவராகக் கழன்று உள்ளே போனார்கள். மாமன் கடைசியாகப் பின்பக்கமாகவே இறங்கி, ஓனரம்மா வீட்டு சோபாவில் உட்கார்ந்தார். பீரோ நிதானமாகத் தாண்டிப் போயிற்று. அந்தக் கண்ணாடியில் நான் என் முகத்தைப் பார்த்துத் துடைத்துக்கொண்டேன்.

ஓனரம்மா காபி போட்டார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து என்னைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். சண்டை சச்சரவு கிடையாது, காலையில் குளித்துவிட்டு பஸ்ஸுக்கு முன்னாலேயே போய் நிற்பேன், "ஒள்ளே ஹுடுகா", நல்ல பையன் என்றெல்லாம். சோப்பு டப்பா சங்கதி அவருக்குத் தெரியாது. அதற்குள் மணி பன்னிரண்டை நெருங்கியது. மேலே வந்து ரூமைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். அந்த வாரமே சரி என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன்தான் என் கல்யாணத்தை முடித்து வைத்தார் என்று நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் தனிவீடு பார்த்துக்கொண்டு போனேன். அண்ணனும் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துப் புனே பக்கம் போய்விட்டார். போன் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. போன மாதம் எங்களுக்கு மகள் பிறந்ததும் ஒரு போட்டோ அனுப்பினேன். பதிலே இல்லை. எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

நேற்று ஒரு வீடியோ வந்தது. அவருடைய ஃபேக்டரி, அதே ஒற்றை லைன். என் பெயர் கொண்ட ரயில் லூப்பில் ஒதுங்காமல் நேரே போய்க்கொண்டிருக்கிறது, பின்னால் புதிதாக இரண்டு பெட்டிகள். மற்ற எல்லா ரயில்களும் ஓரங்கட்டி அதற்கு வழிவிட்டு நிற்கின்றன. மலர் மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் வீடியோவைத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். ஒரு லூப் விடாமல் அத்தனையையும் பெயர்த்து, இரண்டு பெட்டி நீளம் கூட்டிப் போட்டிருந்தார்.