மூன்றாவது தூணுக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீ, மாப்பிள்ளை, குழந்தைகள் எல்லோரும் நலம் என்று உன் வாட்ஸப் படம் சொல்கிறது, நம்பிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் ஆபீஸ் எண்ணில் ஜூனியர் பெண் எடுத்து, "விஷயத்தைச் சுருக்கமா சொல்லுங்கம்மா, மேடம்கிட்ட சொல்லிடறேன்" என்கிறாள். சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயத்துக்கு வக்கீல் எதற்கு?

என் கிரயப் பத்திரத்தில், தரைத்தளத்தில் மூன்றாவது தூணுக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்துமிடம் எனக்கென்று எழுதியிருக்கிறது. எனக்குக் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் மேல்வீட்டுப் பல் டாக்டர் தன் இரண்டாவது காரை அங்கே நிறுத்துகிறார். கேட்கப் போனேன். "கார் இல்லாதவங்களுக்கு எதுக்கு மேடம் பார்க்கிங்?" என்றார். "பயன்படலைங்கிறதுக்காக ஒருத்தர் பல்லை நீங்க பிடுங்கிடுவீங்களா டாக்டர்?" என்று மடக்கினேன். மடக்கிவிட்டதாக நினைத்தேன். "தாராளமா பிடுங்குவோமே. கடைவாய்ல சும்மா கிடக்கிறதை விட்டுவெச்சா பக்கத்துப் பல்லுக்குத்தான் தொந்தரவு. உங்களுக்கு எப்படி இருக்கு, காட்டுங்க" என்றார். வாசலில் நின்றபடியே திறந்து காட்டித் தொலைத்தேன்.

அன்றைக்கு நீ போனில் கிடைத்தாய், நினைவிருக்கும். "இடத்தைக் காலியா விடாதே அக்கா. அது உன் அனுபவத்துல இருக்குன்னு நாலு பேர் பார்க்கணும்" என்றாய், அதற்குள் உன்னைக் கோர்ட்டில் கூப்பிட்டுவிட்டார்கள். சட்டம் படித்தவள் சொன்னால் தட்டக் கூடாது. சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகளில் மூன்று இன்னும் கடையில் வாங்கியபடியே இருக்கின்றன. அதில் ஒன்றைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். டாக்டர் வந்தார், அதை ஓரமாக நகர்த்திவிட்டுக் காரை நிறுத்தினார். வெறும் நாற்காலி போதாது என்று புரிந்தது. மறுநாள் அதில் நான் உட்கார்ந்தேன், மெய்ப்புத் தாள்களோடு. (மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாள்களைத்தான் இன்னமும் திருத்திக்கொண்டிருக்கிறேன். நீ ஒன்றையாவது பிரித்துப் பார்த்ததுண்டா?) டாக்டர் விளக்கை என் முகத்தில் அடித்து ஹாரன் கொடுத்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். "எவ்வளவு நேரம் மேடம் உக்காருவீங்க?" "பத்திரத்துல நேரம் எதுவும் போடலையே டாக்டர்." காரைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார்.

உடனே சங்கச் செயலாளர் லிப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டினார். எதற்கெடுத்தாலும் தாள் ஒட்டுவதால் அவருக்கு இங்கே சர்க்குலர் என்றே பெயர். 'வாகன நிறுத்துமிடத்தில் சக்கரம் உள்ளவை மட்டுமே அனுமதிக்கப்படும்.' நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். மாடிக்குப் போய், எழுதும் மேசையின் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தேன். தரை மோட்டார் அறைப் பக்கம் சரிவு என்று யாருக்குத் தெரியும்? உட்கார்ந்த மாத்திரத்தில் நாற்காலி என்னையும் தாள்களையும் சுமந்துகொண்டு கிளம்பிவிட்டது. ஓடி வந்து பிடித்து நிறுத்தியது யார் தெரியுமா? எதிராளியின் மனைவி! சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, "பிரேக் இல்லாத வண்டியை வெச்சுக்கிட்டா எங்க வீட்டுக்காரரோட சண்டைக்கு வந்தீங்க?" என்றார். சிரிப்பு அடங்காமல் அங்கேயே தூணில் சாய்ந்து நின்றார், பிறகு நின்றால் கால் வலிக்கிறதென்று தனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். அன்றைக்கு டாக்டர் வந்து ஹாரன் அடித்தபோது நாங்கள் இருவர்.

"நீ ஏன் அங்க உக்காந்திருக்கே?"

"காத்து நல்லா வருது. நீங்க தெருவுல விட்டுட்டு வாங்க."

இந்தக் கட்டடத்தில் பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். லிப்டில் "எந்த மாடி?" என்பதைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, எனக்கும் அது வசதியாகவே இருந்தது என்று வைத்துக்கொள். இப்போது முதல் மாடித் தையல்காரம்மா பித்தான் கட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுகிறார். "இந்த வழக்கு எத்தனை நாள் போகும் மேடம்?" என்று கேட்டார். வருஷக்கணக்கில் போகும் என்றேன். "அப்ப சரி, ஒரு முக்காலி வாங்கிடறேன்." சர்க்குலர்கூட விதிமீறலைக் கண்காணிக்க வந்து, தன் மருமகள் போன் பண்ணுவதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். இவர்களெல்லாம் எனக்குச் சாட்சிகள். அந்த வகையில்தான் சொல்கிறேன், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

ஆகவே டாக்டருக்கு உடனே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பு. வார்த்தை கடுமையாக இருக்கட்டும், ஆனால் பதில் சொல்ல நிறைய அவகாசம் கொடு. கேஸ் என்று போனால் வாய்தா எத்தனை கேட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் வேலைகளுக்கு நடுவில் உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள், பெரியம்மா என்று ஒருத்தி இருப்பதை மறக்காத அளவுக்கு நன்றாக வளரட்டும்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியது ஒன்றும் வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது டாக்டர் வந்து மணி அடித்தார். "காரைக் கிளினிக்லயே விட்டுட்டேன் மேடம். இனிமே உங்க இடம் உங்களுக்கு. திருப்திதானே?" என்றார். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. "இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தா எப்படி டாக்டர்? உங்க பக்கமும் நியாயம் இருக்கே, ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க" என்றேன். எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க மேடம்" என்று சத்தமாக, காது கேட்காதவளிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வழக்கம்போல் இறங்கிப்போய் உட்கார்ந்தேன். தையல்காரம்மா வெளியே போகிற அவசரத்தில், "அதான் முடிஞ்சுடுச்சே, இன்னும் ஏன் மேடம்?" என்றார். சக்கரத்தின் செங்கல்லைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். டாக்டர் மனைவி வரவில்லை. இருட்டியதும் நாற்காலியை உருட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

நோட்டீஸ் அனுப்பாதே. நீ வா. காரிலேயே வா, நிறுத்த இடம் இருக்கிறது. சந்தேகமென்றால் பத்திரம் காட்டுகிறேன்.