சனிக்கிழமை மாத்திரை

மாத்திரை நாக்குக்கு அடியில் கரையத் தொடங்கிவிட்டது. மனைவியோ எதிரிலிருந்து நகர்கிற மாதிரி தெரியவில்லை.

"முழுங்கிட்டீங்களா?"

வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கிரேன்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரையைத் துப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் வெல்டர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் பீர் குடிப்பது அவருடைய பதினைந்து வருஷத்துப் பழக்கம்.

ரத்த அழுத்தம் என்று கண்டுபிடித்த டாக்டர் ஆரம்பத்திலேயே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். இந்த மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும், மதுவும் கூடச் சேர்ந்தால் ஒரேயடியாக இறங்கித் தலை சுற்றும், ஆகவே குடியை விட்டுவிடுங்கள் என்றார். கிரேன்காரர் இதில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டும் சேரக்கூடாது, அவ்வளவுதானே? சேராமல் பார்த்துக்கொண்டால் போயிற்று.

கூட வந்திருந்த மனைவி முதல் வாரம் அழுது பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குடியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். மாத்திரை விஷயத்தில் மட்டும் போலீஸ்காரி. வீட்டில் தன் கை ஓங்கிவிட்டதாக நினைத்து அந்த மனுஷர் பூரித்துப்போனார்.

மாத்திரையைத் தள்ளிவைத்ததில் உடனே பலனும் தெரிந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை இடிக்கும். இப்போது அது கிடையாது. இரண்டு டம்ளரையும் முடித்துவிட்டு இறங்கினாலும் மாடிப்படியில் கால் பின்னுவதில்லை. ஆனால் மாடியில் இருக்கும்வரை போதைக்குக் குறைவில்லை, இரண்டாவது டம்ளரில் பாட்டுகூடப் பாடினார். பக்கத்து மாடியில் ஆள் நடமாட்டம் அதிகம் என்று வெல்டர் கொஞ்ச நாளாகச் சமையலறையிலேயே ஸ்டீல் டம்ளரில் ஊற்றி மேலே கொண்டுவருவார். எவ்வளவு பொறுப்பான நண்பன் என்று கிரேன்காரர் அவரைத் தட்டிக்கொடுப்பார்.

அப்புறம்தான் மூளை அதிகமாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை மாத்திரை சனிக்கிழமையும் உடம்பில் இருக்குமே. அதையும் நிறுத்தினார். சனிக்கிழமை பீர் ஞாயிற்றுக்கிழமையும் ரத்தத்தில் இருக்குமே. அன்றைக்கும் வேண்டாம். திங்கள்கிழமையைச் சும்மா, பாதுகாப்புக்காகச் சேர்த்துக்கொண்டார்.

துணி துவைக்கும்போது சட்டைப் பையில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருக்கிறதே என்று மனைவி கேட்டாள். கிரேன் தூசி என்று சொல்லிவிட்டு, மாத்திரைகளை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு மாற்றினார். அது நடக்கும்போதெல்லாம் கிலுகிலுத்தது. உள்ளே பஞ்சு வைத்து அடைத்தார்.

வீட்டில் வைத்துப் பார்க்கிற அழுத்த மெஷின் மட்டும் பொய் சொல்ல மறுத்தது. எண் ஏறிக்கொண்டே போனது. மனைவி பயந்துபோய்ச் சமையலில் உப்பைக் குறைத்தாள், பிறகு அடியோடு நிறுத்தினாள். மகளும் மருமகனும் ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறை தாங்களே சமைத்து எடுத்துவருவதாகச் சொன்னார்கள். அப்போதும் எண் இறங்கவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கி, ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை என்று ஏற்றினார். கண்ணாடிக் கூடு நிரம்பி வழிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையில் வருஷாந்திர உடல் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள்.

அங்கே கிரேன்காரருக்கென்று ஒரு இடம் உண்டு. கூரைக்கு ஒட்டினாற்போல் ஒரு கூண்டு, அதில் ஒரு நாற்காலி, கைக்கு நாலு நெம்புகோல். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவர் உலகம். கீழே இருப்பவர்கள் அவரை 'மாடிவீட்டுக்காரர்' என்பார்கள். ஐந்து டன் இரும்புச் சுருளை ஆட்கள் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் இறக்கிவைப்பார். அழுத்தம் அளவு தாண்டினால் அந்த ஏணியில் ஏற விடமாட்டார்கள். வேறு எதையும் அவர் இந்த அளவுக்கு நேசித்ததில்லை, பீர் உட்பட.

பரிசோதனையன்று காலையில், விட்டதை எல்லாம் பிடித்துவிடலாம் என்று, மனைவி கொடுத்த இரண்டோடு கூட்டிலிருந்து மூன்றை எடுத்துச் சேர்த்து விழுங்கினார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக வாயை அகலத் திறந்து காட்டினார்.

தொழிற்சாலை டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்து கம்பீரமாக எழுந்தார். எழுந்தது ஞாபகம் இருக்கிறது. விழுந்தது ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது டாக்டரின் மேஜை கவிழ்ந்து கிடந்தது, அதன் மேலே அழுத்தக் கருவியும் கிரேன்காரரும் கிடந்தார்கள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி உயரத்தில் வேலை கிடையாது, ஸ்டோர் ரூமில் போல்ட்டும் நட்டும் பிரிக்கலாம் என்று கடிதம் அவருக்கு முன்னால் வந்து காத்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் கண்ணாடிக் கூட்டைக் கட்டிலில் கவிழ்த்தார். மிச்சமிருந்த மாத்திரைகள் போர்வை மேல் சிதறின.

"வாரத்துல நாலு நாள் போடல. சனிக்கிழமைக்காக."

அவள் மாத்திரைகளையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு இரும்புச் சுருளே தலையில் விழுந்திருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

சாயங்காலம் வெல்டர் வந்தார். கூண்டில் கிடந்த மெத்தைத் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கிரேன்காரர் அந்த மெத்தைத் துண்டை மடியில் வைத்துத் தடவினார். அவர் உடம்பின் அச்சு இன்னும் அதில் இருந்தது.

நடந்ததையெல்லாம் அவரிடமும் சொன்னார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் கணக்கைக் கேட்கக் கேட்க வெல்டரின் முகம் வெளுத்தது. கைகளைப் பிசைந்துகொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு டம்ளர் பீருக்காக என் கூண்டை விட்டேன்டா" என்றார் கிரேன்காரர். "ரெண்டே ரெண்டு டம்ளர்."

வெல்டர் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, நீங்க மாத்திரை ஆரம்பிச்ச வாரமே அண்ணி எங்க வீட்டுக்கு வந்து கெஞ்சினாங்க, அன்னியிலேர்ந்து உங்க டம்ளர்ல நான் ஊத்தினது போதையே இல்லாத பீருண்ணே."