தட்டிப் பார்த்த மரம்

என் மனைவிக்கு உடன்பிறந்தவனும் பத்து நாளைக்கு மட்டும் என் மரக்கடைக்குப் பொறுப்பாளியுமான அன்பு மாப்பிள்ளைக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் உன் அக்கா நலம். நான் கடையை நினைத்துக்கொண்டு கடற்கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வரவேண்டிய லோடு வந்ததா? கட்டைகளை ஈரத் தரையில் இறக்காதே, அடியில் குறுக்குக் கட்டை கொடு. அறுவை மெஷின்காரர் பெல்ட் போய்விட்டது என்பார், நம்பாதே, அவருக்கு மத்தியானத் தூக்கம் வந்திருக்கும். புது மெஷினுக்காக வைத்திருக்கும் பணத்தை யார் கேட்டாலும் தொடாதே. வெள்ளிக்கிழமை வந்து நானே விலை பேசுவேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் அக்கா போனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ரத்தக் கொதிப்புக்கு ஓய்வு வேண்டும், போனே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். கடிதம் கூடாது என்று சொல்ல அவர் மறந்துவிட்டார்.

கிளம்பும்போது உன் அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “முப்பது வருஷமா மரக்கடை மாடியில குடியிருக்கேன். படுத்த மரத்தைத்தான் பாத்திருக்கேன். போற இடத்துல நிக்கிற மரமாப் பாக்கணும்” என்றாள். தீவில் மரத்துக்கா பஞ்சம், செலவில்லாத ஆசை என்று நானும் தலையாட்டினேன். அங்கேதான் ஏமாந்தேன். இந்தத் தீவில் மரம் சும்மா நிற்பதில்லை மாப்பிள்ளை. சுற்றி வேலி போட்டு, தாவரவியல் பூங்கா என்று பலகை மாட்டி, டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் நிற்கிறது.

முதல் பூங்காவில் உள்ளே போக ஒரு டிக்கெட், கேமராவுக்கு ஒன்று, நடக்கக் கூடாதென்பதால் வண்டிக்கு ஒன்று. நிழலுக்கு மட்டும்தான் தனி டிக்கெட் இல்லை. கவுண்டரிலேயே திரும்பிவிட்டேன். இரண்டாவது இலவசம், ஆனால் ஒரு பெரிய ஓட்டலுக்குள் இருக்கிறது, டீ குடித்தே ஆக வேண்டும், அந்த டீ விலைக்கு நம் கடையில் ஒரு ஜன்னல் சட்டம் வாங்கலாம். மூன்றாவதில் நாலு மணிக்கு மேல் பாதி விலை என்றார்கள், சரியாக நாலுக்குப் போனால் நாலரைக்குப் பூட்டுகிறார்கள், சில்லறை தேடியே இருபது நிமிஷம் போயிற்று, உள்ளே ஓடிப்போய் ஒரு கள்ளிச்செடியைப் பார்த்தோம், அதுவும் தொட்டியில். நாலாவது நாங்கள் தங்கியிருக்கும் விடுதிக்காரர் சொன்னது. எந்நேரமும் திறந்திருக்கும், காசே வேண்டாம் என்றார். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால் நாலு ரோடு சேருகிற ரவுண்டானா, நடுவே பத்துக் குரோட்டன்ஸ். உன் அக்கா அதன் சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்து, சுற்றிலும் லாரி போக, ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் குடித்தாள். அவள் திட்டினால் தாங்குவேன். பேசாமல் தண்ணீர் குடித்தால் தாங்க மாட்டேன், உனக்குத் தெரியும்.

அதனால் நேற்றுக் காலை ஊர்க்கோடியில் இருக்கிற பழைய அரசாங்கப் பூங்காவுக்கே போய்விட்டோம். வெளியூர்க்காரர்களுக்கு மூன்று மடங்கு டிக்கெட் என்று எழுதியிருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி, கை சும்மா இருக்காமல், வாசல் மரத்தூணைத் தட்டிப் பார்த்தேன். காவலாளி எழுந்து நின்றார். “மர வியாபாரிங்களா?” என்றார். ஆமாம் என்றேன், அதில் பொய் இல்லையே. “காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் எங்க சார் காத்திட்டிருக்கார்” என்று கதவைத் திறந்துவிட்டார். வேறு எவனோ ஒரு மர வியாபாரி வரவேண்டியிருந்திருக்கிறது. இரண்டு டிக்கெட் மிச்சம் என்று வாயை மூடிக்கொண்டு நுழைந்தேன். உன் அக்கா நான் டிக்கெட் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

உள்ளே கண்காணிப்பாளர், பார்த்தால் பாவமாக இருக்கிற ஒல்லி மனிதர், என்னைப் பிடித்துக்கொண்டார். புயலில் செடி வீட்டின் கண்ணாடிக் கூரை நொறுங்கிவிட்டதாம், மேலிடத்தில் பணம் இல்லையாம், ஒரே ஒரு மரத்தை விற்றுக்கொள்ள அனுமதியாம். குளத்தோரம் அந்த மரத்தைக் காட்டினார். அதன் அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது உன் அக்கா.

தட்டினேன். மாப்பிள்ளை, மணி மாதிரி சத்தம். அடி முதல் நுனி வரை வைரம் பாய்ந்த மரம். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒன்று என் கைக்கு வந்ததில்லை. எத்தனை தூலம், எத்தனை பலகை என்று மனசு தானாக அறுக்க ஆரம்பித்துவிட்டது. உன் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“தட்டாதீங்க. இது விக்கறதுக்கு இல்ல.”

கண்காணிப்பாளர் தரையைப் பார்த்தார். நான் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே பொந்து, விறகுக்குக்கூடத் தேறாது என்று சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நல்ல மரத்தைப் பொந்து என்று நான் சொன்னது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. இருந்தாலும் மரம் பிழைத்தது, உன் அக்கா சாயங்காலம் வரை சிரித்த முகமாக இருந்தாள், டிக்கெட்டும் மிச்சம். மலிவாகப் பூங்கா பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு. அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே.

நீயும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், கடையும் கரையான் இல்லாமல், நீடு வாழ வாழ்த்தும்,
அத்தான்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடும் முன் இன்று காலை உன் அக்கா மறுபடி அங்கே இழுத்துப்போனாள். காவலாளி இன்றும் டிக்கெட் கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கயிறு. அபாயம் என்று பலகை. கண்காணிப்பாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது சார். பொந்து விழுந்த மரத்தடியில ஜனங்க உக்கார்றாங்களே. நாளைக்கே வெட்டிடறோம்” என்றார். நேற்று தாமதமாக வந்த அந்த நிஜ வியாபாரி, தட்டியும் பார்த்துவிட்டு, பொந்துதான் என்று ஒத்துக்கொண்டு, விறகுக்கு இலவசமாகவே எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான். அயோக்கியன், தொழில் தெரிந்தவன். உன் அக்கா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, “பொந்துன்னு சொன்னது யாரு?” என்று என்னைத்தான் கேட்டாள்.

வாசலுக்குப் போய் மூன்று மடங்கு விலையில் இரண்டு டிக்கெட் எடுத்துவந்து, கண்காணிப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். “அப்ப நல்ல விலைக்கே வித்துடலாமே” என்றார் அவர். கண்ணாடிக் கூரைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டேன். சொன்னார். நான் பேரம் பேசவில்லை, நீ நம்ப மாட்டாய். கயிற்றை அவிழ்த்தார்கள், உன் அக்கா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகவே புது மெஷின் பணத்தை உடனே அனுப்பு. மரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். லாரி அனுப்ப வேண்டாம்.